தவிட்டுக்குப் போன பிள்ளை

பச்சையம்மாளுக்குக் கருமாதி முடிந்த மறுநாள், உச்சி வெயிலில், பூட்டிக் கிடந்த அவள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குழந்தை சிரிக்கும் சத்தம் கேட்டது.

அம்சவள்ளி அப்போது வாசலில் உட்கார்ந்து வரகு புடைத்துக் கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. தெருவில் ஈ காக்கை இல்லை. எதிர்வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. பச்சையம்மாளின் அக்காள் மகன் வேப்பந்தட்டையிலிருந்து வந்து, காரியத்தை முடித்து, வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக் கொண்டு போனதை ஊரே பார்த்தது. அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்துதான் சிரிப்பு வந்தது. யாரோ கிச்சுக்கிச்சு மூட்டுவது போல, விட்டு விட்டு.

எந்த வீட்டுப் பிள்ளை என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஊரில் இருக்கிற குழந்தைகளை எல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பிறகுதான் திரும்பித் தன் வீட்டுக்குள் பார்த்தாள். குதிருக்குப் பக்கத்தில் வேம்பு உட்காரும் இடம் காலியாக இருந்தது. அவள் வரிசை வைத்து விளையாடும் கல்நத்தைகளையும் காணோம்.

தன் மகளின் சிரிப்பை அவளால் அடையாளம் கண்டுகொள்ள முடியவில்லை. ஏனென்றால் வேம்பு சிரித்து அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். கொல்லைப்பக்கம், சுண்ணாம்புக் காளவாயை ஒட்டி, போன மழையில் சுவர் சரிந்த இடத்தில் ஒரு பனையோலைத் தட்டி சாத்தியிருந்தது. அதன் அடியில் பிள்ளை நுழைகிற அளவுக்கு இடைவெளி. அம்சவள்ளி தட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே போனாள்.

வெயிலிலிருந்து போனதால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. சுட்ட சுண்ணாம்பின் காந்தல் மட்டும் மூக்கில் ஏறியது. பிறகு வேம்பு தெரிந்தாள். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் கல்நத்தைகளை வரிசையாக வைத்திருந்தாள். அது அவள் எப்போதும் செய்வதுதான். ஆனால் அந்த வரிசைக்கு எதிரே, மூலை இருட்டை ஒட்டி, இன்னொரு வரிசை இருந்தது. வேம்பு இரண்டு வரிசை வைத்து அம்சவள்ளி பார்த்ததில்லை. பிள்ளையின் கை நீளம் அந்த மூலைக்கு எட்டவும் எட்டாது.

அள்ளிக்கொண்டு வெளியே வந்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான், வேம்புவின் தலையில் வகிடெடுத்திருப்பது தெரிந்தது. நேரான வகிடு. இடது கன்னத்தில் ஈரச் சுண்ணாம்பில் நாலு விரல் பதிந்திருந்தது. மூன்று விரல்கள் நீளம். ஆள்காட்டி விரல் மட்டும் பாதியோடு நின்றிருந்தது.

பச்சையம்மாளுக்கு வலது கை ஆள்காட்டி விரல் பாதிதான். சுண்ணாம்புக்கல் உடைக்கும்போது சுத்தியல் பட்டு நசுங்கிப் போனது.

அம்சவள்ளி முந்தானையால் கன்னத்தைத் துடைத்தாள். பிள்ளை வீறிட்டாள். அவளை யாரும் தொடக்கூடாது. தலையில் சீப்பு வைத்தால் அரைநாள் அழுவாள். மாவோ மணலோ தவிடோ கையில் ஒட்டினால் உதறி உதறித் தோலையே உரித்துவிடுவது போல் தேய்ப்பாள். ஐந்து வயசாகியும் ஒரு சொல் கிடையாது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆனால் எங்கோ கண்காணாத தூரத்தில் மாட்டு மணி கேட்டால் தலையைச் சாய்த்துக் கேட்பாள்.

பெரம்பலூர் டாக்டர் நாக்கைப் பிடித்துப் பார்த்து, காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். சரியாக இருக்கிற பிள்ளையை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தாய் என்று கேட்பது போல இருந்தது அவர் முகம். சமயபுரத்துக்குக் காசு முடிந்து வைத்தார்கள். ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் போய் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கடைசியில் அடுத்த வீட்டுச் சுந்தராம்பாள்தான் சொன்னாள், "ஏண்டி, முன்னாடி ரெண்டையும் வாரிக் குடுத்துட்டு மூணாவதா பெத்த புள்ள இது. எதோ ஒண்ணு உன் வயித்துப் புள்ளன்னு பாத்துப் பாத்து வருது. உம்புள்ள இல்லன்னு ஆக்கிப்புடு. தவுட்டுக்கு வித்துரு."

அந்தப் பக்கத்தில் அது புதுசில்லை. நிலைக்காத பிள்ளையை, நோவு விடாத பிள்ளையை, அடுத்த வீட்டுக்காரிக்கு ஒரு முறம் தவிட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். வாசற்படியைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் பிள்ளை அவளுடையது. சோறும் பாயும் பெற்றவள் வீட்டிலேயேதான். பேருக்குத்தான் மாறும். பிள்ளை தேறியதும் அதே ஒரு முறம் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்வார்கள். வாங்கியவள் கைநீட்டி வாங்கிக்கொண்டால் மீட்டதாகக் கணக்கு.

பச்சையம்மாளிடம் கொடுக்கலாம் என்றதும் சுந்தராம்பாள்தான். பெரியம்மையில் புருஷனையும் பிள்ளைகளையும் ஒரே மாசத்தில் குழிக்குக் கொடுத்துவிட்டு, தான் மட்டும் முகமெல்லாம் பள்ளத்தோடு எழுந்து வந்தவள் பச்சையம்மாள். "எமன் அவளப் பாத்துட்டு வேணாம்னு போனவன். அவ புள்ளன்னா கிட்ட வரமாட்டான்" என்றாள் சுந்தராம்பாள்.

பச்சையம்மாள் முறத்தில் தவிட்டோடு வந்து வாசலில் நின்ற நாள் அம்சவள்ளிக்கு நன்றாக நினைவிருந்தது.

"ஒரு மொறம் தவுட்டுக்கு இம்மாம் அழகுப் புள்ளையா? எனக்கு லாபம்டி அம்சவள்ளி. பின்னாடி ஏமாத்திப்புட்டேன்னு பிராது குடுக்கக் கூடாது."

"விளையாடாதீங்கக்கா. சும்மா பேருக்குத்தானே."

"ஒனக்குப் பேருக்கு. நான் தவுடு குடுத்துல்ல வாங்குறேன்?" சிரித்துக்கொண்டே பிள்ளையை வாங்கியவள், பிறகு சிரிக்காமல் ஒன்று சொன்னாள். "நீ இருக்குற மட்டும் நீ பாத்துக்குவ. அப்புறம் இத யாருடி பாப்பா? அதையும் நெனச்சியா?"

அந்தக் கேள்விக்காக அம்சவள்ளி அவளை மன்னிக்கவே இல்லை. தான் விடியற்காலை விழிப்பு வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டு, புருஷனிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்ததை, வாசலில் நின்றுகொண்டு ஊர்கேட்கச் சொல்லிவிட்டாளே என்று இருந்தது.

ஆனால் அன்றிலிருந்து வேம்பு காலையானால் எதிர்வீட்டுக்குப் போனாள். பச்சையம்மாள் ஓடைக்குப் போய்க் கல் பொறுக்கி வருவாள். மழைக்குப் பிறகு அந்த ஓடையில் கல்லாகிப் போன நத்தையும் கிளிஞ்சலும் மண்ணைவிட்டு மேலே வந்து கிடக்கும். கடலைக் கண்ணால் பார்க்காத ஊரில் கிளிஞ்சல் எப்படி வந்ததென்று யாரும் கேட்டதில்லை. அதையும் சேர்த்துத்தான் காளவாயில் போட்டுச் சுடுவாள். முழுசாக இருக்கிற நத்தைகளை மட்டும் வேம்புவுக்கு எடுத்து வைப்பாள். கொஞ்சமாட்டாள், தொடமாட்டாள், பேர்சொல்லிக் கூப்பிடமாட்டாள். கல் உடைக்கிற சாக்கில், நத்தையால் தரையில் ஒரு தட்டுத் தட்டுவாள். டொக். கொஞ்சம் கழித்து வேம்பு தன் நத்தையால் தட்டுவாள். டொக். அவள் இரண்டு தட்டினால் இவள் இரண்டு. பொழுது முழுக்க அதுதான் பேச்சு.

"இன்னிக்கு எம்புள்ள சிரிச்சா" என்பாள் பச்சையம்மாள் சாயங்காலம்.

"இவளா? போங்கக்கா."

"ஒங்கிட்ட ஏன் சிரிக்கப் போறா? நீ எப்பப் பாரு அம்மான்னு சொல்லுடி, அம்மான்னு சொல்லுடின்னு வாயப் புடுங்கிக்கிட்டே இருக்க. மாடுகூட மெரளும்."

அந்த வார்த்தை சுட்டது. மீட்டுவிட வேண்டும் என்று அம்சவள்ளி அப்போதே தீர்மானித்து, புதுப்பானையில் ஒரு முறம் தவிடு எடுத்து, வாயில் துணியால் வேடுகட்டி வைத்தாள். தைக்கு மீட்டுவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் அது யுத்தத்தால் ரங்கூன் அரிசி வரத்து நின்றுபோன மறுவருஷம். மழையும் இல்லை. மனிதர்களே தவிட்டைச் சலித்து அடை தட்டித் தின்ற காலம். ஒருநாள் வேறு வழியில்லாமல் அவளும் பானைவாய்த் துணியை அவிழ்த்தாள். வெல்லம் கொஞ்சம் போட்டு, அடை தட்டி, வேம்புவுக்கும் ஊட்டினாள். தவிடுதானே, அடுத்த அறுப்பில் வராதா என்று இருந்தது.

அறுப்பு வருவதற்குள் வாந்திபேதி வந்தது. எமன் வேண்டாம் என்று போன பச்சையம்மாளைக் காலையில் தொட்டுச் சாயங்காலம் கொண்டுபோனது. குழிக்குள் கொட்ட ஊரில் வேறு சுண்ணாம்பு இல்லை. அவள் சுட்ட சுண்ணாம்பையே அவள்மேல் கொட்டினார்கள். கடைசியாக வாயில் தண்ணீர் விட்டது சுந்தராம்பாள். "ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா" என்று பிற்பாடு சொன்னாள். "எம்புள்ள சாப்டுச்சான்னு கேட்டா."

* * *

அந்தச் சிரிப்புக்குப் பிறகு வேம்பு வீட்டில் சாப்பிடவில்லை.

தட்டை முன்னால் வைத்தால் பார்க்கவே மாட்டாள். ஊட்டினால் துப்புவாள். கட்டிவைத்தால் கயிற்றைக் கடித்தாள். கதவைச் சாத்தினால் கதவில் தலையை மோதினாள். விட்டுவிட்டால் நேரே எதிர்வீட்டுக் கொல்லைக்குப் போவாள். அம்சவள்ளி தட்டியை முள் வைத்து அடைத்தாள். மறுநாள் முள் ஒருபக்கம் ஒதுங்கிக் கிடந்தது. பிள்ளை கையில் ஒரு கீறல்கூட இல்லை.

உச்சிப்பொழுதில் அம்சவள்ளி சுவரில் காதை வைத்துக் கேட்பாள். டொக் என்று கேட்கும். அது வேம்பு. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. அப்புறம் உள்ளே, இன்னும் ஆழத்திலிருந்து, டொக்.

பிள்ளை நாளுக்கு நாள் மெலிந்தாள். கை எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. தோல் வெளுத்து, சுண்ணாம்பு பூசியது போல் ஆனது. ஆனால் கண்ணில் மட்டும் ஒரு தெளிவு இருந்தது. அதுதான் அம்சவள்ளிக்குப் பயமாக இருந்தது.

அரியலூரில் ரயில்பாதைக் கேங்கில் கல் கொட்டிக் கொண்டிருந்த புருஷன் அரியமுத்து சனிக்கிழமை வந்தான். எல்லாவற்றையும் கேட்டான். சிரிக்கத்தான் பார்த்தான். மடியில் கிடந்த மகளின் மணிக்கட்டைத் தன் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் வளைத்துப் பார்த்தான். விரல் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. சிரிப்பு நின்றது.

"தவுடுதானேடி? திருப்பிக் குடுத்துருவோம்."

"யாருகிட்ட குடுக்குறது?"

சுந்தராம்பாள் வேலிக்கு அப்பால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"கை நீட்டி வாங்குனாத்தான் மீட்டதா கணக்கு. செத்தவ எங்கேர்ந்து கை நீட்டுவா?" என்றாள். "வாங்கலன்னா அவ புள்ளதான். தாயிக்காரி கூப்புட்டா புள்ள போவத்தானே செய்யும்."

"வாய மூடிக்கிட்டுப் போங்கத்தே!" என்று அம்சவள்ளி கத்தினாள். "நான்தான் தாயி!"

"நான் இல்லன்னா சொன்னேன்? நீ வித்தவ. அவ வாங்குனவ. நானா சட்டம் போட்டேன்?" சுந்தராம்பாள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். போனவள் திரும்பி வந்து, "உச்சிப்பொழுதுல போ. வெறுங்காலோட போ. அவ குடுத்த மொறத்துலயே எடுத்துட்டுப் போ" என்றாள்.

அரியமுத்து மறுபடி அரியலூருக்கு நடந்து, மில் வாசலில் நின்று, துண்டில் தவிடு கட்டிக்கொண்டு வந்தான். "தவுட்டுக்குக்கூட அடிதடி. மாட்டுக்கான்னான். புள்ளைக்குன்னேன். ஒருமாதிரி பாத்தான்" என்றான்.

* * *

வெயில் நெற்றியில் நின்றது. அம்சவள்ளி முறத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொல்லை வழியாகப் போனாள். அரியமுத்து காளவாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். மீட்பது பெண்கள் காரியம்.

வேம்பு உள்ளே இருந்தாள். எதிரும் புதிருமாக அதே இரண்டு வரிசை. இந்த முறை எதிர்வரிசைதான் நீளமாக இருந்தது.

"யக்கா" என்றாள் அம்சவள்ளி. தன் குரல் தனக்கே அன்னியமாக இருந்தது. "தவுடு கொண்டாந்திருக்கேன். மீட்டுக்காம கெடந்துபோச்சு. பஞ்சத்துல தின்னுட்டோம்க்கா. தப்புதான். எடுத்துக்கிட்டு எம்புள்ளையக் குடுத்துருங்க."

முறத்தை மூலை இருட்டை நோக்கி நீட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. கை கடுத்தது. முறம் சரிந்து தவிடு கொஞ்சம் உதிர்ந்தது. கீழே வைக்கக்கூடாது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

டொக்.

மூலையிலிருந்துதான் வந்தது. வேம்பு தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு எழுந்தாள். முறத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மாவு ஒட்டினால் அலறுகிற பிள்ளை, இரண்டு கையையும் தவிட்டுக்குள் விட்டு ஒரு பிடி அள்ளினாள். சிந்தாமல் எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கை வெறுமையாக இருந்தது. கழுவியது போல் சுத்தமாக இருந்தது.

அம்சவள்ளி எட்டிப் பார்த்தாள். கண் இப்போது இருட்டுக்குப் பழகியிருந்தது. மூலையில் சாணம் மெழுகிய தரையும் சுவரும்தான் தெரிந்தன. தரையில் ஒரு பொட்டுத் தவிடு இல்லை.

வேம்பு அடுத்த பிடியை அள்ளினாள். அதற்கடுத்த பிடி. ஒவ்வொரு பிடிக்கும் பிறகு மூலையிலிருந்து தட்டும் சத்தம் வந்தது. வாங்கிக்கொள்கிறாள், வாங்கிக்கொள்கிறாள் என்று அம்சவள்ளியின் நெஞ்சு அடித்துக்கொண்டது. எம்புள்ள, எம்புள்ள என்று உதடு தானாக முணுமுணுத்தது.

முறம் பாதி குறைந்தபோதுதான் கவனித்தாள். சத்தம் தேய்ந்துகொண்டு வந்தது. முதலில் பக்கத்தில் கேட்டது, பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது, இப்போது பாழுங்கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. வேம்புவின் முகமும் அதோடு மாறிக்கொண்டிருந்தது. கண்ணிலிருந்த தெளிவு ஒவ்வொரு பிடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. பிள்ளை மூலையில் நின்று, தன் நத்தையால் தரையில் தட்டினாள். பதில் வர நேரமாயிற்று. மறுபடி தட்டினாள். மறுபடி. மூச்சு வாங்கியது அவளுக்கு. கண்ணிலிருந்து நீர் இறங்கியது. வேம்பு எத்தனையோ தடவை அலறியிருக்கிறாள். இப்படிச் சத்தமில்லாமல் ஒருவரை எண்ணி அழுததில்லை.

அந்தப் பிள்ளையோடு பேசத் தெரிந்த ஒரே ஆளை, ஒவ்வொரு பிடியாக, தான்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று அம்சவள்ளிக்குப் புரிந்தது. கூடவே, வாசலில் நின்று அன்று பச்சையம்மாள் கேட்ட கேள்வியும் வந்து நின்றது. அப்புறம் இத யாருடி பாப்பா?

முறத்தின் அடியில் ஒரே ஒரு பிடி மிச்சம் இருந்தது. வேம்பு அதற்குக் கை நீட்டினாள்.

அம்சவள்ளி முறத்தைப் பின்னுக்கு இழுத்தாள்.

அந்தக் கடைசிப் பிடியை வழித்து, முந்தானையில் கொட்டி, இறுக்கி முடிச்சுப் போட்டாள். வெறும் முறத்தைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"யக்கா" என்றாள் மூலையைப் பார்த்து. "இது மிச்சம் இருக்கட்டும். நான் இருக்குற மட்டும் புள்ள எங்கிட்ட இருக்கட்டும். எஞ்சோத்தத் தின்னட்டும். அதுக்கப்புறம்..." முந்தானை முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினாள். "அதுக்கப்புறம் நீங்க எங்கயும் போயிராதீங்க."

வெளியே அரியமுத்து செருமுவதுதான் கேட்டது. பிறகு, கிணற்றுக்குள்ளிருந்தும் இல்லை, சுவருக்கு அப்பாலிருந்தும் இல்லை, நடுவில் எங்கோ இருந்து, ஒரே ஒரு தட்டு.

டொக்.

வேம்பு நத்தைகளை மடியில் கட்டிக்கொண்டு எழுந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. ஆனால் அவளுக்கு முன்னால், கொல்லை வழியாக, தானாக நடந்து வீட்டுக்குப் போனாள்.

வேலியோரம் காத்திருந்த சுந்தராம்பாள் கிசுகிசுத்தாள். "பூரா வாங்கிக்கிட்டாளா?"

"வாங்கிக்கிட்டா" என்றாள் அம்சவள்ளி. முடிச்சை இடுப்பில் செருகியிருந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

கம்பங்கூழைக் கரைத்துப் பிள்ளைக்கு முன்னால் வைத்தாள். வேம்பு அதைப் பார்க்காமல் நத்தைகளை வரிசை வைத்தாள். சாப்பிடுடி கண்ணு என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, வரிசையின் கடைசியில் இருந்த ஒரு கல்நத்தையை எடுத்தாள். அது வெயிலில் கிடந்தது போல் வெதுவெதுப்பாக இருந்தது. தயங்கித் தயங்கி, தரையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

வேம்பு தலையைச் சாய்த்தாள்.

அம்சவள்ளி இன்னொரு முறை தட்டினாள். பிள்ளை தன் நத்தையைத் தேடி எடுத்தாள். டொக், என்றது. பிறகு கூழ்ச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அவள் குடித்து முடிக்கும்வரை அம்சவள்ளி மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது எதிரே, பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து, இன்னொரு தட்டுக் கேட்டது. எம்புள்ள சாப்டுச்சா என்று கேட்பது போல இருந்தது.

அம்சவள்ளி நத்தையை எடுத்துப் பதில் தட்டினாள்.